கீழ் பல்செட் நிற்க மாட்டேன் என்கிறதா? பொறுப்பதா, பசையா, ரீலைனா, புது செட்டா, இம்ப்ளான்டா?

புதிதாகப் பல்செட் போட்டவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: மேல் செட் பரவாயில்லை, கீழ் செட் மட்டும் வாயில் மிதக்கிறது, என்ன செய்யலாம்? பக்கத்து வீட்டுக்காரர் பசை போடச் சொல்வார். மகன் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் திருகாணி) விலை விசாரித்துக்கொண்டு வருவான். டாக்டரோ "போகப் போகப் பழகிடும்" என்று அனுப்பிவைப்பார். மூவர் சொல்வதும் யாரோ ஒருவருக்குச் சரிதான். உங்களுக்கு எது சரி என்பதுதான் தெரியவேண்டும்.

கீழ் செட் மட்டும் ஏன் இப்படி? மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு உட்காருகிறது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அந்த வேலையை அண்ணத்தில் எச்சில் செய்கிறது. கீழே அந்த வசதி கிடையாது. நடுவில் நாக்கு இருக்கிறது, அதுவும் சும்மா இருப்பதில்லை. செட் உட்கார மிஞ்சுவது ஒரு வளைந்த, குறுகலான மேடு. பரப்பில் மேல் தாடையில் ஏறக்குறைய பாதி. போதாக்குறைக்குப் பல் போன பிறகு அந்த மேடு கரைந்துகொண்டே வருகிறது. பல்செட் போட்டவர்களைப் பல ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்த ஆய்வுகளில், கீழ்த் தாடையின் முன்பகுதி மேல் தாடையைப் போல ஏறக்குறைய 4 மடங்கு தேய்ந்திருந்தது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நன்றாகச் செய்த செட்டாக இருந்தாலும், கடிக்கும் வலு சொந்தப் பல்லில் கால் பங்கு இருந்தால் அதிகம். ஆகவே உங்கள் குறைகளில் சில செட்டின் இயல்பு, சில செட்டின் கோளாறு. இரண்டையும் பிரிக்காமல் பணத்தை எடுக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பல் எடுத்து எவ்வளவு நாள்? செட் வந்து எவ்வளவு நாள் என்பது வேறு கணக்கு. பல் எடுத்த அன்றே செட் மாட்டியவர்களுக்கு ஈறு வற்றி எலும்பு சுருங்கச் சுருங்க, மூன்று நான்கு மாதத்தில் செட் தொளதொள என்றாகும். அது பழக்கக் குறைவு இல்லை, அளவு மாறிவிட்டது. புண் ஆறும்வரை காத்திருந்து செட் போட்டவர்களுக்கு அந்த மாற்றம் மெதுவாக வரும்.

கோளாறு எங்கே? புண்ணா, ஆட்டமா, கடியா (மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதம்)? கண்ணாடி முன் உட்கார்ந்து வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கீழ் செட்டை மாட்டி, வாயைச் சற்றே திறந்து, நாக்கு நுனியைக் கீழ் முன்பல்லின் உட்புறம் லேசாகத் தொட்டபடி வையுங்கள். செட் அசையாமல் இருந்தால் அடிப்படை சரி. மிச்சம் நாக்குப் பழக்கம். நீங்கள் எதுவும் செய்யாமலே தானாக எழும்பினால் விளிம்பு நீளமாக இருக்கலாம், டாக்டர் தேய்த்துக் குறைக்க வேண்டும். அடுத்து, மெதுவாக வாயை மூடுங்கள். ஒரு பக்கம் முதலிலும் மறுபக்கம் அதற்குப் பிறகும் ஒட்டினால் கடி சரியில்லை. செய்தித்தாளை உரக்கப் படிக்கும்போது மேலும் கீழும் பல் டக் டக்கென்று இடித்துக்கொண்டே இருந்தால் செட் உயரமாகிவிட்டது. மாறாக உதடு உள்ளே போய், கடைவாய் ஓரம் வெடித்து எரிந்தால் உயரம் போதவில்லை என்று சந்தேகப்படலாம்.

தாடை மேடு எவ்வளவு மிச்சம்? இதைக் கேட்காமல் எந்த வழிக்கும் பணம் கட்டாதீர்கள். "எலும்பு நிறையத் தேஞ்சிருக்கு" என்று டாக்டர் சொன்னால், எத்தனை புது செட் செய்தாலும் கீழே பெரிய மாற்றம் எதிர்பார்க்க முடியாது.

எச்சில் ஊறுகிறதா? ரத்த அழுத்தம், மன அழுத்தம், அலர்ஜி ஆகியவற்றுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டாலும் அப்படித்தான். வறண்ட வாயில் மேல் செட்டே நிற்காது.

கழுவப் போவது யார்? கை நடுக்கமோ கண் மங்கலோ இருந்தால், சின்னச் சின்ன பாகம் உள்ள எதுவும் நாளைக்கு வீட்டில் வேறொருவரின் வேலையாகும்.

## 1. பொறுத்துப் பழகுவது

செலவே இல்லாத வழி என்று நினைக்கிறோம். இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வாரத்தில் எச்சில் பெருகும், குமட்டும், வாய் நிறைய ஏதோ அடைத்த மாதிரி இருக்கும். வந்திருப்பது உணவு என்று வாய் எண்ணிக்கொள்கிறது, சில நாளில் அடங்கும். பேச்சில் முதலில் சிக்குவது ச, ஸ, ழ. தனியாக உட்கார்ந்து உரக்கப் படித்தால் சீக்கிரம் வழிக்கு வரும். காப்பியில் கவனம் வேண்டும்: அண்ணத்தை செட் மூடியிருப்பதால் சூடு தெரியாமல் விழுங்கித் தொண்டையைச் சுட்டுக்கொள்பவர்கள் உண்டு.

சாப்பாட்டில் குழைந்த சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, தேங்காய்ப்பால் இடியாப்பம் என்று தொடங்கலாம். சொந்தப் பல் இருந்தபோது ஒரு பக்கமாக மென்றோம், இப்போது அது ஆகாது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கும். சின்னக் கவளமாக எடுத்து இரண்டு கடைவாயிலும் பிரித்து வைத்து மெல்ல வேண்டும். முன்பல்லால் கடித்து இழுப்பதை மறந்துவிடுங்கள். கொய்யாவையும் ஆப்பிளையும் நறுக்கித்தான் சாப்பிட வேண்டும், முருங்கைக்காயை வழித்துத்தான். முறுக்கு, சீடை கொஞ்ச காலம் போகட்டும்.

எங்கள் அத்தை முதல் மாதம் கல்யாணப் பந்தியில் அப்பளத்தை ரசத்தில் போட்டு ஊறவைத்ததைப் பார்த்திருக்கிறேன். இடது கை முந்தானையோடு வாயை மறைத்திருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் நாக்கு கீழ் செட்டைத் தள்ளித் தள்ளி இடத்தில் வைக்கும், அப்புறம்தான் மெல்லுவார். சில வாரத்தில் அந்த நாக்கு வேலை அவருக்கே தெரியாமல் நடக்க ஆரம்பித்தது. பழக்கம் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்: கன்னமும் உதடும் நாக்கும் சேர்ந்து செட்டைப் பிடித்துக்கொள்ளக் கற்பது. செட்டை டப்பாவில் போட்டு வைத்தால் இந்தப் பாடம் நடக்காது.

ஆனால் பொறுப்பது என்றால் புண்ணையும் பொறுப்பது என்று பொருளில்லை. முதல் சில நாளில் எங்காவது குத்திப் புண்ணாவது சாதாரணம். டாக்டர் அந்த இடத்தில் ஒரு துளி தேய்த்துவிட்டால் தீர்ந்தது. போகும் முன் சில மணி நேரமாவது செட்டை மாட்டியிருங்கள். மாட்டாமல் போனால் சிவந்த தடம் தெரியாது, எங்கே தேய்ப்பது என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்கும். உப்புத்தாள், அரம் வைத்து வீட்டில் தேய்க்க வேண்டாம். ஒரு முறை அதிகமாகத் தேய்ந்தால் திரும்ப வைக்க முடியாது.

மறைந்திருக்கும் செலவுக்கு வருகிறேன். திரும்பத் திரும்ப கிளினிக் போக ஆட்டோ, கூட வருபவரின் லீவு. அதைவிடப் பெரியது சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. மெல்ல முடியாதவர்கள் காய், கீரை, கறி, சுண்டல் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு ரசம் சாதம், டீயில் நனைத்த பன் என்று இறங்கிவிடுவார்கள். சுகர்காரர்களுக்கு இது நேராகக் கணக்கில் ஏறும். முட்டை, மசித்த பருப்பு, மீன், தயிர் எல்லாம் மெல்லாமலே உள்ளே போகும். பழகும் காலத்துக்கு அதுதான் சாப்பாடு.

இந்த வழி யாருக்கு? செட் வந்து ஓரிரு மாதமே ஆனவர்களுக்கு, வாரா வாரம் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிபவர்களுக்கு. முன்னேற்றம் நின்றுவிட்டது, அல்லது முதலில் நன்றாக இருந்து இப்போது தளர்கிறது என்றால் பொறுமை அங்கே மருந்தில்லை.

## 2. பசை

மருந்துக்கடையில் ஃபிக்ஸான் என்று கேட்டால் பவுடராகவும் க்ரீமாகவும் கிடைக்கும். பவுடர் என்றால் செட்டை நனைத்து மெல்லிசாகத் தூவ வேண்டும். க்ரீம் என்றால் செட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு இரண்டு மூன்று பொட்டு. நிறையப் போட்டால் நிறையப் பிடிக்கும் என்பது தவறு. வழிந்து வாய்க்குள் வரும், செட்டும் உயர்ந்துவிடும்.

பசை கெட்டது என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நான் ஏற்கவில்லை. சரியாகச் செய்த செட்டுக்கு மேல் ஒரு துணையாக அது நல்லதே: வாய் உலர்ந்தவர்களுக்கு, மேடையில் பேசுபவர்களுக்கு, வீட்டில் விசேஷம் என்று பலர் முன் சாப்பிட வேண்டிய நாளில். செட்டுக்கு அடியில் பருக்கை நுழைவதும் குறையும். ஆனால் அளவு தவறிய செட்டைப் பசையால் ஓட்டுவது வேறு. செட் தவறாக அழுத்தும் இடத்தில் எலும்பு தேய்ந்துகொண்டே இருக்கும், பசை அந்த வலியைக்கூடத் தெரியவிடாது. காலையில் போட்டது மதியச் சாப்பாடு வரை தாங்காமல் மறுபடி போட வேண்டியிருந்தால், அது ரீலைன் (செட்டின் உட்பக்கத்தை ஈறின் அளவுக்கு நிரப்புவது) வேண்டும் என்பதற்கான அறிகுறி.

ட்யூப் விலை சின்னதுதான், வருடக் கணக்கில் கூட்டிப் பாருங்கள். தினமும் இரவு ஈறிலும் செட்டிலும் ஒட்டியிருப்பதை முழுக்க எடுப்பதும் ஒரு வேலை. துத்தநாகம் கலந்த பசையை அளவுக்கு மீறி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் செம்பு குறைந்து கை கால் மரத்துப்போன சம்பவங்கள் வந்தபின், 2010-இல் ஒரு பெரிய உலக நிறுவனம் அத்தகைய பசையைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. துத்தநாகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

## 3. ரீலைன்

செட்டின் பல் வரிசையும் கடியும் அப்படியே இருக்க, ஈறைத் தொடும் உட்பக்கத்தை மட்டும் இன்றைய அளவுக்கு நிரப்பிக் கொடுப்பது. பல் எடுத்த அன்றே செட் மாட்டியவர்களுக்கு இது ஏறக்குறைய கட்டாயம். செட் வாங்கும்போதே "ரீலைன் இந்தத் தொகைக்குள் வருமா, தனியா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலர் கேட்பதில்லை, பின்னால் மனக்கசப்பு.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்வது உண்டு, லேபுக்கு அனுப்பிச் செய்வதும் உண்டு. லேப் வேலை பொதுவாக உறுதியானது, ஆனால் ஒரு நாளாவது பல் இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். முகூர்த்த வாரத்தில் கொடுத்துவிடாதீர்கள்.

ஈறு மெலிந்து எங்கே அழுத்தினாலும் வலிப்பவர்களுக்கு மிருதுவான உள்பூச்சு வைப்பார்கள். போட்டதும் சொர்க்கம் மாதிரி இருக்கும். சில மாதத்திலிருந்து ஓரிரு வருடத்துக்குள் இறுகும், உரியும், சரியாகக் கழுவாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால் இது தொடர்ச்சியான செலவு.

கடி தப்பாக இருந்தாலோ, பற்கள் தேய்ந்து உயரம் குறைந்திருந்தாலோ ரீலைன் உதவாது. பழைய தவறை இன்னும் இறுக்கமாகப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். இணையத்தில் விற்கும் 'நீங்களே செய்துகொள்ளுங்கள்' பொட்டலங்கள் பக்கம் போகவே வேண்டாம். ஒரு பக்கம் தடித்து, நல்ல செட்டும் வீணாகும்.

## 4. புது செட்

முதல் செட்டில் கடியோ உயரமோ தவறு என்றால் நேராக இதுதான். மற்றவர்கள் ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒருவரிடம் செய்து பிடிக்காமல் இன்னொருவர், அப்புறம் மூன்றாமவர் என்று மூன்று செட்டும் அலமாரியில் உறங்கும் வீடுகள் உண்டு. மேடு தேய்ந்த தாடைக்கு மூன்றாவது செட்டும் இரண்டாவதைப் போலத்தான் இருக்கும்.

முழு செட்டுக்கு வழக்கமாக நாலைந்து முறை போக வேண்டும்: அளவு எடுக்க, மறுபடி துல்லியமாக எடுக்க, கடி பார்க்க, மெழுகில் அடுக்கிய பல்லை மாட்டிப் பார்க்க, கடைசியில் வாங்க. இதில் மெழுகு மாட்டிப் பார்க்கும் நாள்தான் உங்கள் நாள். அன்றைக்குப் பல்லின் நிறம், அளவு, உதடு நிற்கும் விதம், பேச்சு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லலாம். அக்ரிலிக்கில் வார்த்துவிட்டால் முடிந்தது. வீட்டில் உங்கள் முகத்தைத் தினமும் பார்க்கும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அத்தை அன்று கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வெள்ளை வேணாம் தம்பி, ஊர்ல சிரிப்பாங்க" என்றார். டாக்டரும் சிரித்தபடியே வேறு நிறம் எடுத்தார்.

பத்துப் பதினைந்து வருடம் ஒரே செட்டைப் போட்டுப் பழகிய முதியவர்களுக்கு வேறொரு சிக்கல். தேய்ந்து போன அந்தச் செட்டுக்குத்தான் அவர்கள் வாய்த் தசை பழகியிருக்கும். புதிதாக, இலக்கணப்படி செய்தது நுழையவே மாட்டேன் என்னும். பழைய செட்டைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். அதையே அச்சாக வைத்து, வேண்டிய திருத்தம் மட்டும் செய்து புதிது வார்க்கும் முறை இருக்கிறது. எண்பது தாண்டியவர்களுக்கு அதுவே மேல்.

செலவைக் குறைக்க, சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு இடங்களும், தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். வேலை நிதானமாக, படிப்படியாக நடக்கும். பதிலுக்கு நாள் அதிகம் போகும், வரிசை இருக்கும். நேரம் இருக்கிற ஓய்வூதியக்காரருக்கு நல்ல பேரம். தினக்கூலிக்குப் போகிறவருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

## 5. கீழே இரண்டு இம்ப்ளான்ட்

மேடு தேய்ந்து கீழ் செட் எதற்கும் நிற்காதவர்களுக்கு, என் பார்வையில், கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதலில் எண்ண வேண்டியது இரண்டு இம்ப்ளான்ட் மேல் உட்காரும் செட் என்றார்கள். 2009-இல் இங்கிலாந்தின் யார்க்கில் கூடியவர்களும் அதையே வழிமொழிந்தார்கள்.

கீழ்த் தாடையின் முன்பகுதியில் இரண்டு டைட்டானியம் திருகாணிகள். எலும்போடு பிணைய ஏறக்குறைய மூன்று மாதம். பிறகு செட்டின் அடியில் பொத்தான் போல ஒரு பிடிப்பு, 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும். பல நேரம் இருக்கும் கீழ் செட்டையே இதற்கு மாற்றிக்கொள்ளலாம், அதை மறக்காமல் கேளுங்கள். மேல் செட்டுக்குப் பெரும்பாலும் எதுவும் தேவைப்படாது.

மறைவுச் செலவுகள்: ஸ்கேன் தனி. பிடிப்பில் இருக்கும் நைலான் அல்லது ரப்பர் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். இரவில் கழற்றுவதும் கழுவுவதும் தொடரும், கூடவே திருகாணியைச் சுற்றி பிரஷ் போட வேண்டும். கை நடுங்குபவர்களுக்கு க்ளிக் என்று கழற்றுவது கடினம். முடிவெடுக்கும் முன் கிளினிக்கில் மாதிரியை வாங்கிக் கழற்றிப் பாருங்கள். சுகர் கட்டுக்குள் இல்லாதவர்கள், புகைப்பவர்கள், தாடைக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரையோ ஊசியோ எடுத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

## கழற்றவே வேண்டாத பல்

ஒரு தாடைக்கு நான்கு அல்லது அதற்கு மேல் இம்ப்ளான்ட் வைத்து நிலையாகப் பொருத்துவது. சொந்தப் பல்லுக்கு மிக அருகில் வருவது இதுதான், விலையும் அப்படியே. அண்ணத்தில் எதுவும் பட்டாலே குமட்டுபவர்களுக்கு, செட் என்ற எண்ணத்தையே ஏற்க முடியாதவர்களுக்கு இது பொருந்தும். அடியில் சுத்தம் செய்யத் தனி பிரஷும் பொறுமையும் வேண்டும். படுக்கையில் விழுந்த காலத்தில் அதை யார் செய்வார்கள் என்பதையும் யோசித்துவிடுங்கள்.

| வழி | கைக்காசு | தொடரும் செலவு | தீர்ப்பது | தீர்க்காதது |
|---|---|---|---|---|
| பழகுவது | போக்குவரத்து | சத்துக் குறைவு | நாக்கு, பேச்சு, சின்னப் புண் | அளவு மாறியது |
| பசை | சில நூறு | மாதா மாதம் | வறண்ட வாய், லேசான ஆட்டம் | கடி, பெரிய இடைவெளி |
| ரீலைன் | சில ஆயிரம் | சில வருடத்துக்கு ஒரு முறை. மிருதுப் பூச்சு என்றால் அடிக்கடி | ஈறு வற்றியதால் வந்த ஆட்டம் | கடி, உயரம் |
| புது செட் | ஆயிரங்களில் | மறுபடி பழகும் காலம் | கடி, உயரம், தோற்றம் | தேய்ந்த மேடு |
| 2 இம்ப்ளான்ட் | செட்டைப் போலப் பல மடங்கு | வளையம், பரிசோதனை | கீழ் செட் எழும்புவது | தினசரிக் கழுவல் |
| நிலையான பல் | லட்சங்களில் | தொழில்முறைச் சுத்தம் | கழற்றும் தொல்லை | பராமரிப்பு வேலை |

## எதைத் தேர்ந்தாலும்

கழற்றும் செட் என்றால் இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஈறு மூச்சு விட மட்டுமில்லை: 85 வயது தாண்டியவர்களை வைத்து ஜப்பானில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. பல் எடுத்த அன்றே மாட்டிய செட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. முதல் நாள் டாக்டர் சொல்லும்வரை கழற்றக் கூடாது, கழற்றினால் வீங்கி மறுபடி நுழையாது. கழுவும்போது பேசினில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், கை தவறினாலும் உடையாது. கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும். டூத்பேஸ்ட்டுக்குப் பதில் சாதாரணத் திரவ சோப்பும் மெல்லிய பிரஷும் போதும்.

அப்புறம், செட்டைக் கழற்றி வைத்து இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கையில் தட்டுப்படும் தடிப்பு. இவற்றுக்கு ரீலைனும் வேண்டாம், பசையும் வேண்டாம். பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டிவிட்டு வாருங்கள், பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்தால் ஒரு நாளும் தள்ளாமல்.